எத்தனை சக்கரம், யாருடைய சக்தி?

பத்மாசனத்தில் ஓர் உருவம். முதுகுத்தண்டை ஒட்டி ஏழு வட்டங்கள். அடியில் சிவப்பு, அதன்மேல் ஆரஞ்சு, மஞ்சள், இதயத்தில் பச்சை, தொண்டையில் நீலம், புருவ நடுவில் கருநீலம், உச்சந்தலையில் ஊதா. யோகா வகுப்பின் சுவரிலும் அழகு நிலையத்தின் கண்ணாடிக் கதவிலும் ரெய்கி பயிற்சியின் துண்டறிக்கையிலும் இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் இன்று குறைவு. திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரையுள்ள தொழிற்பேட்டை வட்டாரத்துக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது. படத்தோடு ஒரு பேச்சும் சேர்ந்தே வரும். சக்கரங்கள் எந்த ஒரு மதத்துக்கும் சொந்தமில்லையாம். இந்துக்கள் குண்டலினி என்பதையே பௌத்தர்கள் வேறு பெயரில் சொன்னார்களாம், கிறிஸ்தவர்கள் பரிசுத்த ஆவி என்றார்களாம். எல்லாம் ஒரே ஆற்றல்தானாம்.

கேட்க இதமாகத்தான் இருக்கிறது. பல மதத்தாரும் ஒரே ஷிப்டில் நின்று, ஒரே கம்பெனி வேனில் வீடு திரும்பும் ஊர்களில் இப்படிப்பட்ட சமரசப் பேச்சால் நன்மையும் உண்டு. ஆனால் வரலாறு என்று வைத்துப் பார்த்தால் அது நிற்காது. வானவில் நிறத்தில் இருக்கும் அந்த அட்டைக்கு நூறு வயதுகூட ஆகவில்லை. அதன் மூலப்பிரதி என்று சொல்லத்தக்க புத்தகம் வெளியானது காசியிலும் அல்ல, இமயமலையிலும் அல்ல, சென்னை அடையாறில். அந்தக் கதைக்குப் போகுமுன் இந்த மாவட்டத்திலேயே கிடக்கும் பழைய சரக்கைப் பார்த்துவிடலாம். அது அட்டையைவிடச் சிக்கலானது, சுவையும் கூடியது.

சக்கரங்களை ஆதாரங்கள் என்னும் தமிழ் மரபு சொல்வது ஆறு. மூலாதாரம், சுவாதிட்டானம், மணிபூரகம், அநாகதம், விசுத்தி, ஆக்கினை. உச்சியில் உள்ள ஆயிரம் இதழ்த் தாமரையான சகஸ்ராரம் இந்தக் கணக்கில் சேராது. ஆதாரங்களைக் கடந்தபின் வருவது அது. திருமந்திரத்தில் இந்த வைப்பு உண்டு. ஔவையார் பெயரில் வழங்கும் விநாயகர் அகவலிலும் உண்டு. சதுர்த்தியன்று கொழுக்கட்டைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் அந்தப் பாட்டில் பெரும்பகுதி யோக நூல்தான் என்பது ஒப்பிப்பவர்களுக்கும் தெரியாது, ஒப்பிக்கச் சொல்பவர்களில் பலருக்கும் தெரியாது. சைவ சித்தர் வழக்கில் ஓங்காரத்தை மூலாதாரத்தில் வைத்து, அதற்கு மேலுள்ள ஐந்திலும் ந, ம, சி, வ, ய என்று ஓரெழுத்தாக ஏற்றுவார்கள். நிறத்தைவிட எழுத்துக்கே அங்கே முதலிடம்.

வடமொழி நூல்களிலும் அப்படியே. வங்காளத்துப் பூர்ணானந்தர் 1577இல் எழுதிய ‘ஷட்சக்ர நிரூபணம்’தான் இன்று உலகம் முழுதும் பரவியிருக்கும் வைப்புக்கு ஆதார நூல். அதில் தாமரைகளுக்கு முறையே 4, 6, 10, 12, 16, 2 இதழ்கள். கூட்டினால் 50, வடமொழி நெடுங்கணக்கின் எழுத்துகள் அத்தனை. ஒவ்வோர் இதழிலும் ஓர் எழுத்து ஒலிக்கிறது, ஒவ்வொரு தாமரையிலும் ஒரு தத்துவம், ஒரு தெய்வம், ஒரு பீஜ மந்திரம் உட்கார்ந்திருக்கிறது. நிறங்கள்? மணிபூரகம் மழை மேகத்தின் கருமை. அநாகதம் செம்மலரின் சிவப்பு. விசுத்தி புகை படிந்த ஊதா. ஆக்கினை நிலவின் வெண்மை. நம் அட்டையில் மணிபூரகம் மஞ்சள், அநாகதம் பச்சை. எழுத்தையும் தெய்வத்தையும் நீக்கிவிட்டு, நிறத்தையும் மாற்றிவிட்டு, ‘ஐயாயிரம் வருட ரகசியம்’ என்று விற்பதற்கு நிறையத் துணிச்சல் வேண்டும்.

ஆதாரங்களை உடலுக்குள் மட்டும் வைக்காமல் நாட்டின் மீதும் வைத்தது சைவம். திருவாரூர் மூலாதாரம், திருவானைக்கா சுவாதிட்டானம், திருவண்ணாமலை மணிபூரகம், சிதம்பரம் அநாகதம், காளத்தி விசுத்தி, காசி ஆக்கினை என்பது வழக்கு. இதில் ஒரு முரண் இருக்கிறது. யோக நூல்களின்படி மூலாதாரத்தில் தொடங்கி நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம் என்று பூதங்கள் மேலேறும். திருவாரூர் நிலம், ஆனைக்கா நீர், அண்ணாமலை தீ. மூன்று வரை கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. நான்காவதில் காற்றும் ஐந்தாவதில் ஆகாயமும் வந்திருக்க வேண்டும். ஆனால் ஆகாயத் தலமான சிதம்பரத்தை நான்காவதிலும், காற்றுத் தலமான காளத்தியை ஐந்தாவதிலும் வைத்திருக்கிறார்கள். வரிசை புரண்டுவிட்டது.

வைத்தவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? சிதம்பரத்தை வேறெங்கும் வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை என்பதே என் ஊகம். இதயத்துக்குள் ஒரு சிற்றாகாயம் உண்டு, பரம்பொருள் அங்கே இருக்கிறது என்பது சாந்தோக்கிய உபநிடதக் காலத்துக் கருத்து. தில்லைச் சிற்றம்பலத்தை அந்த இதய வெளியாகவே சைவர்கள் கண்டார்கள். ஆகவே பூதக் கணக்கை விட்டுக்கொடுத்து இதயத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஆதாரங்களை அவர்கள் உடற்கூற்றுப் படமாக நினைத்திருந்தால் இந்தத் திருத்தத்துக்கு இடமே இருந்திருக்காது. வழிபடுபவன் மனத்தில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதே அவர்களுடைய கேள்வி.

காளத்தி, திருவள்ளூர் மாவட்டத்தின் எல்லையைத் தாண்டினால் ஆந்திரத்தில் இருக்கிறது. மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் திருத்தணியையும், முருகனின் ஆறு படைவீடுகளை ஆதாரங்களோடு பொருத்தும் வழக்கில், விசுத்தி என்றே சொல்வார்கள். விசுத்தி தொண்டையில் இருப்பது. முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையைப் பாடியது திருத்தணியில்! மலைப்படியில் உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு முதியவர் வந்து, வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டைப் போட்டார், ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ பிறந்தது என்பது சங்கீத உலகம் சொல்லும் கதை. தொண்டைக்குரிய தலத்தில் பாட்டு திறந்தது என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் ஆசை வரும். ஆனால் இரு வழக்குகளும் ஒன்றையொன்று பார்த்து உண்டானவை என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. பொருத்தம் அழகாக இருக்கிறது என்பதாலேயே உண்மையாகிவிடாது.

தீட்சிதர் குடும்பம் ஒரு காலத்தில் மணலியில், முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஆதரவில் வாழ்ந்தது. இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையால் அறியப்படும் அதே மணலிதான். அங்கிருந்துதான் சிதம்பரநாத யோகி இளைஞர் முத்துசுவாமியைக் காசிக்கு அழைத்துப் போனார். ஸ்ரீசக்கரத்தில் தேவியை வழிபடும் ஸ்ரீவித்யை உபாசனை அவரிடமிருந்து கிடைத்தது. பின்னாளில் திருவாரூர்க் கமலாம்பாள்மீது தீட்சிதர் பாடிய நவாவரணக் கீர்த்தனைகள் ஸ்ரீசக்கரத்தின் ஒன்பது ஆவரணங்களையும் வெளிக்கோட்டிலிருந்து நடுப்புள்ளி வரை ஒவ்வொன்றாகக் கடந்து போகின்றன. ஒன்பது முக்கோணங்கள் ஒன்றையொன்று வெட்டி நாற்பத்து மூன்று முக்கோணங்களாகும் அந்த வரைபடம் வேறு, உடலின் ஆறு தாமரைகள் வேறு. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தியானிக்கும் முறையும் ஸ்ரீவித்யையில் உண்டு. அதற்குத் தீட்சை வேண்டும், குரு வேண்டும், பல ஆண்டுகள் வேண்டும். வார இறுதி முகாமில் முடியும் காரியமாக அவர் எங்கும் சொல்லவில்லை.

நிறங்களைப் பற்றிப் பேசும்போது வள்ளலாரை விட முடியாது. சென்னையில் சிறுவனாக இருந்தபோது கண்ணாடி முன் தியானித்துத் திருத்தணி முருகனைக் கண்டவர் என்று அவர் வரலாறு சொல்லும். 1872இல் வடலூரில் அவர் திறந்த சத்திய ஞான சபையில் சோதிக்கு முன் ஏழு திரைகள்: கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு. ஏழும் இருக்கிறது, நிறமும் இருக்கிறது. ஆனால் இவை திறக்க வேண்டிய சக்கரங்கள் அல்ல, விலக வேண்டிய மறைப்புகள். அட்டை விற்பவர்களின் வானவில்லோடு இந்த வரிசை ஒத்துப்போகவும் இல்லை. ஏழு என்ற எண்ணைக் கண்ட இடத்திலெல்லாம் சக்கரத்தைக் காண்பவர்களுக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை கிடைக்காது.

பூந்தமல்லிக்கு அப்பால், பெங்களூர் நெடுஞ்சாலையில், சிட்கோ தொழிற்பேட்டையால் இன்று அறியப்படும் திருமழிசை, ஓர் ஆழ்வார் பிறந்த ஊர். சமணம், பௌத்தம், சைவம் எல்லாவற்றிலும் புகுந்து பார்த்துவிட்டு, கடைசியில் பேயாழ்வாரிடம் வந்து வைணவரானவர் திருமழிசையாழ்வார் என்பது மரபு. குண்டலினிப் பாட்டுகள் பாடிய சிவவாக்கியரே இவர் என்றும் ஒரு வழக்கு உண்டு. மொழிநடையும் காலமும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. எல்லாக் கதவையும் தட்டிய அந்த மனிதர் ‘எல்லாம் ஒன்றே’ என்று முடிக்கவில்லை. மற்றச் சமயங்களை வெளிப்படையாக மறுத்தார். அன்றைய சமய வாதங்களில் கசப்பு இருந்தது, ஏளனம் இருந்தது, சில நேரம் அதைவிட மோசமானதும் இருந்தது. இருந்தாலும் எதிராளி என்ன சொல்கிறான் என்று படித்துவிட்டு மறுக்கும் பழக்கம் இருந்தது. இன்றைய சமரசத்தில் அந்தப் படிப்புதான் காணாமல் போயிருக்கிறது.

பௌத்தத்துக்கு வருவோம். இந்துக்களின் சக்கரத்தைப் பௌத்தர்கள் இரவல் வாங்கினார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நூல்களின் காலத்தை வைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. உடலுக்குள் சக்கரங்களைத் தெளிவாக வைக்கும் மிகப் பழைய நூல்களில் ஒன்று பௌத்த தந்திரமான ‘ஹேவஜ்ரம்’. அதில் நான்கே சக்கரங்கள்: தொப்புளில் 64 இதழ், இதயத்தில் 8, தொண்டையில் 16, தலையில் 32. காலசக்கர தந்திரம் ஆறு என்கிறது. ஆறு சக்கர வைப்பை இந்துப் பக்கத்தில் நிலைநிறுத்திய ‘குப்ஜிகா மதம்’ பத்தாம் நூற்றாண்டை ஒட்டியது. கோரக்கநாதர் பெயரில் உள்ள நூல் ஒன்று ஒன்பது சொல்கிறது. சைவ, பௌத்த தாந்திரிகர்கள் ஒரே காலத்தில், ஒரே விதமான சுடுகாடுகளிலும் பீடங்களிலும் திரிந்தவர்கள்; யார் யாரிடம் எடுத்தார்கள் என்பது முடிவில்லாத வழக்கு. எண்ணிக்கையில் ஒற்றுமை இல்லை என்பது மட்டும் தெளிவு.

நோக்கத்திலும் இல்லை. சைவ, சாக்த யோகிக்கு உள்ளே உறங்குவது சக்தி, அதாவது தேவியே. அவள் எழுந்து மேலேறிச் சிவத்தோடு சேர்கிறாள். பௌத்த தாந்திரிகனுக்கு உள்ளே அப்படி ஒரு நிலையான பொருள் கிடையாது. நாடியும் வாயுவும் சக்கரமும் தியானத்தில் கட்டி எழுப்பப்பட்டு, பிறகு கரைக்கப்படுபவை. கரைந்த பிறகு எஞ்சுவது சூனியம் பற்றிய தெளிவு. இரண்டையும் ஒரே ஆற்றல் என்று சொன்னால் இருவருமே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

தேரவாதத்தில் சக்கரமே கிடையாது. ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் இலங்கையில் எழுதிய ‘விசுத்திமக்கம்’ மூச்சுத் தியானத்துக்குக் கவனத்தை வைக்கச் சொல்வது மூக்கு நுனியில் அல்லது மேலுதட்டில், மூச்சு தொடும் இடத்தில். மேலே ஏற்றும் வேலை எதுவும் அங்கில்லை. இன்று வடதமிழ்நாட்டில் பௌத்தர் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் அயோத்திதாசர், அம்பேத்கர் வழியில் வந்தவர்கள். அம்பேத்கரின் ‘புத்தரும் அவர் தம்மமும்’ 1957இல் வெளியானது. அதிலுள்ள பௌத்தம் அறமும் சமத்துவமும். குண்டலினிக்கு அதில் ஒரு மூலைகூட ஒதுக்கப்படவில்லை. பௌத்தர்கள் சக்கரத்தை நம்புகிறார்கள் என்று பொதுவாகச் சொல்பவர் இவர்களில் ஒருவரையாவது கேட்டிருக்கிறாரா என்பது சந்தேகம்.

தாந்திரிக பௌத்தத்துக்கும் நம் பக்கத்துக்கும் தொடர்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். 671இல் பிறந்த வஜ்ரபோதி, தென்னாட்டவர் என்றும் பல்லவ மன்னன் காலத்துப் பஞ்சத்தில் மழைக்காக வேண்டியவர் என்றும் சீனத்தில் எழுதப்பட்ட அவர் வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. இலங்கை வழியாகக் கப்பலேறி 719இல் குவாங்சௌ துறைமுகத்தில் இறங்கினார். அவர் மாணவர் அமோகவஜ்ரர். அந்தக் குருமரபிலிருந்துதான் 806இல் கூகாய் ஜப்பானுக்குத் தாந்திரிக பௌத்தத்தைக் கொண்டுபோனார். அது ஷிங்கோன் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் நாகப்பட்டினத்து வெண்கலப் புத்தர்களின் உச்சியைக் கவனிக்கலாம். சுருள்முடிக்கு மேலே ஒரு தீச்சுடர், நாக்கு நாக்காக மேல்நோக்கி நிற்கும். சகஸ்ராரம் என்று வழிகாட்டிகள் சொல்லக்கூடும். நம்ப வேண்டாம். அது மகாபுருட இலக்கணங்களில் ஒன்றான உஷ்ணீஷத்தின்மேல் வைத்த ஞானச்சுடர். இலங்கைப் படிமங்களிலும் இருக்கிறது. நாகப்பட்டினத்துப் படிமங்கள் 1856 முதல் வெளிப்பட்டன. அவ்வூரில் நின்ற பௌத்தக் கோபுரத்தை 1867இல் இடிக்க வைத்தவர்கள் இயேசு சபையினர். மூன்று மத உறவின் வரலாற்றில் இதுவும் சேர்த்தி.

கிறிஸ்தவத்தில் உடலுக்கு இடமில்லை என்று நினைப்பது தவறு. கீழைத் திருச்சபையில் ஹெசிக்கசம் என்றொரு தியான மரபு உண்டு. துறவி தலையைக் குனிந்து, தாடையை மார்பில் பதித்து, மூச்சை மெதுவாக்கி, இயேசுவின் பெயரை மூச்சோடு சேர்த்துச் சொல்லி, மனத்தை இதயத்துக்குள் இறக்குவார். பதினான்காம் நூற்றாண்டில் பர்லாம் என்ற அறிஞர் இவர்களைத் தொப்புளில் ஆன்மாவைத் தேடுபவர்கள் என்று கேலி செய்தார். அந்த மரபுத் துறவியான கிரெகோரி பலமாஸ் பதில் எழுதினார். கடவுளின் உள்ளியல்பை யாரும் அறிய முடியாது, ஆனால் அவரிடமிருந்து வரும் ஆற்றல்களில் மனிதன் பங்குபெற முடியும், உடலும் சேர்ந்தே பங்குபெறும் என்பது அவர் வாதம். 1341லும் 1351லும் கான்ஸ்டான்டினோபிளில் கூடிய சங்கங்கள் அதை ஏற்றன. இங்கே திசையைக் கவனிக்க வேண்டும். மனம் கீழே இதயத்துக்கு இறங்குகிறது. ஆற்றல் வெளியிலிருந்து வருகிறது. அடியிலிருந்து எதுவும் எழுந்து ஏறவில்லை.

மேலைத் திருச்சபையில் அவிலாவின் தெரேசா ஆன்மாவை ஏழு உள்ளறைகள் கொண்ட கோட்டையாகக் கண்டு எழுதிய நூல் உண்டு. அதை அவர் எழுதிய ஆண்டு 1577. பூர்ணானந்தர் எழுதிய அதே ஆண்டு! இதைப் பார்த்ததும் துள்ளிக் குதிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். தெரேசாவின் அறைகள் உடலில் எங்கும் இல்லை. ஏழாவது அறையில் நடப்பது திருமணம், மணமகன் அரசர். நம் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் முன்னறையில் மாட்டியிருக்கும் திரு இருதய ஆண்டவர் படத்தையும் அநாகதத்துக்கு ஒப்பிடுகிறார்கள். அந்தப் படத்தில் முள்முடி சூடி எரியும் இதயம், கும்பிடுபவருடையது அல்ல, இயேசுவுடையது. வித்தியாசம் சிறியதல்ல.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் மாடி வீடுகளிலும் ஷட்டர் போட்ட கட்டடங்களிலும் ஞாயிறு ஆராதனை நடத்தும் பெந்தெகொஸ்தே சபைகளில் இந்த வித்தியாசத்தை மெல்லிய குரலில் சொல்ல மாட்டார்கள். அங்கே அக்கினி அபிஷேகம் உண்டு, அந்நிய பாஷை உண்டு, உடல் நடுக்கமும் கண்ணீரும் உண்டு. குண்டலினி எழும்போது நடுக்கம் வரும் என்று யோகிகள் சொல்வதோடு வெளித்தோற்றத்தில் ஒப்பிடலாம்தான். ஆனால் அந்தச் சபைகளில் பலவற்றில் யோகம் பிசாசுக்குக் கதவு திறப்பதாகவே போதிக்கப்படுகிறது. நான் அதை ஏற்கவில்லை. ஆனாலும் ‘உங்கள் அபிஷேகமும் எங்கள் குண்டலினியும் ஒன்றே’ என்று அவர்களுக்காக வேறொருவர் தீர்ப்பு எழுதுவதைவிட, அவர்களுடைய மறுப்பை மறுப்பாகவே கேட்டுக்கொள்வது மரியாதை. கத்தோலிக்க சபையின் குரல் நிதானமானது. 1989 அக்டோபரில், பின்னாளில் போப்பான கர்தினால் ராட்சிங்கர் கையெழுத்திட்ட வத்திக்கான் கடிதம் யோகம், சென் போன்ற முறைகளை முற்றாகத் தள்ளவில்லை. உடற்பயிற்சியால் வரும் அமைதியையும் வெப்பத்தையும் ஒளியையும் பரிசுத்த ஆவியின் ஆறுதலாக எடுத்துக்கொண்டுவிடாதீர்கள் என்று மட்டும் எச்சரித்தது. அநுபவப்பட்ட சித்தர் யாரும் இதோடு சண்டைக்கு வரமாட்டார் என்றே தோன்றுகிறது.

அப்படியானால் எல்லாம் ஒன்றாகிப் போன கதை எங்கே தொடங்கியது? பிரம்மஞான சபை 1882இல் அடையாறுக்கு வந்தது. அதற்கு இரண்டாண்டு முன்பே அதன் நிறுவனர்கள் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கியும் இலங்கையின் காலி நகரில் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தராகியிருந்தார்கள். 1884இல் அடையாறு வந்த சார்லஸ் லெட்பீட்டர் ஆங்கிலிக்கன் பாதிரியாராக இருந்தவர். வரும் வழியில் கொழும்பில் பௌத்தரானார். பின்னாளில் ஆனந்தா கல்லூரியாக வளர்ந்த பள்ளிக்கு முதல் தலைமையாசிரியர் அவரே. பின்னாளில் தத்துவ ஞானியான ஜே. கிருஷ்ணமூர்த்தியைச் சிறுவனாக 1909இல் அடையாற்றுக் கடற்கரையில் கண்டெடுத்தவரும் அவர்தான். 1916இல் லிபரல் கத்தோலிக்க சபையின் பிஷப் ஆனார். ஒரே ஆளுக்குள் பாதிரியார், பௌத்தர், பிஷப். அவர் 1927இல் அடையாறில் வெளியிட்ட நூல்தான் ‘சக்கரங்கள்’.

அந்த நூலில் ஞானக்கண்ணால் தாமே கண்டதாகச் சொல்லி அவர் வரைவித்த வண்ணப் படங்கள் உள்ளன. கூடவே ஒரு பழைய ஐரோப்பியப் படம். பதினேழாம் நூற்றாண்டின் கிறிஸ்தவ ஞானி ஜோஹன் கியோர்க் கிஷ்டலின் நூலிலிருந்து எடுத்தது. மனித உடலில் சுருள்சுருளாகக் கோடு, அதன்மீது கோள்கள், இதயத்தில் சூரியன், சுற்றிலும் ஒரு பாம்பு. கிறிஸ்தவர்களுக்கும் சக்கரம் தெரியும் என்பதற்கு லெட்பீட்டர் காட்டிய சாட்சி இது. கிஷ்டல் வரைந்தது வேறு. மீட்படையாத மனிதனை ஆட்டிவைக்கும் கோள்களையும், பெருமை, பேராசை, பொறாமை, கோபம் ஆகிய பாவங்களையும் காட்டும் படம் அது. அவருடைய வட்டங்கள் திறக்க வேண்டியவை அல்ல, அகல வேண்டியவை. இரண்டாவது சக்கரம் பாலுறுப்பருகில் இருப்பது லெட்பீட்டருக்கு ஆபத்தாகப் பட்டது. அதைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் மண்ணீரலை வைத்தார். மூல நூலைத் திருத்துவதற்கு அவருக்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை.

பூர்ணானந்தரின் நூலைக் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி ஜான் உட்ராஃப் 1919இலேயே ஆங்கிலத்தில் கொண்டுவந்திருந்தார். அது கடினமான நூல். லெட்பீட்டருடையது மெல்லியது, படங்கள் நிறைந்தது. எது பரவும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏழு நிற வானவில் வரிசையை மேற்கில் நிலைநிறுத்தியது அதற்கும் பிந்தி, கிறிஸ்டஃபர் ஹில்ஸின் நூல், 1970களில். கர்ட் லேலண்ட் என்ற ஆய்வாளர் இந்தப் பயணத்தை 2016இல் வந்த தம் நூலில் படிப்படியாகக் காட்டியிருக்கிறார். ஆக அடையாறிலிருந்து கப்பலேறிப் போனது கலிஃபோர்னியாவில் நிறம் பூசிக்கொண்டு, நம்முடைய பழைய சொத்து என்று நமக்கே திரும்பி வந்தது.

பிரம்மஞானிகளைக் குறைசொல்லி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. அயோத்திதாசர் பௌத்தம் ஏற்க ஆல்காட் துணைநின்றார். அடையாற்று வளாகத்துக்குள் கோயில், புத்தர் ஆலயம், தேவாலயம், மசூதி எல்லாவற்றையும் தனித்தனிக் கட்டடங்களாகவே எழுப்பினார்கள். கட்டடத்தில் காட்டிய அந்த நிதானத்தைப் படத்தில் காட்டவில்லை என்பதே என் குறை.

மதங்களுக்கிடையில் உண்மையான பாலங்கள் இருக்கின்றன. அவை அட்டையில் இல்லை. சைவ சித்தாந்தத்தில் சத்திநிபாதம் உண்டு: ஆன்மா பக்குவப்பட்டபோது இறைவனின் அருட்சத்தி அதன்மேல் இறங்குவது. மேலே ஏறும் குண்டலினியைவிட இந்த இறங்கும் அருள், பலமாஸ் பேசிய ஆற்றலுக்கு எவ்வளவோ நெருக்கம். 1900இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்த கிறிஸ்தவ மிஷனரி ஜி.யு. போப் உணர்ந்ததும் இதுபோன்ற உறவுதான். குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950இல் பாதிரியார்கள் மோன்ஷனானும் லெ சோவும் தொடங்கிய சாந்திவன ஆசிரமத்தில், 1968இல் வந்து பொறுப்பேற்ற பீட் கிரிஃபித்ஸ் குண்டலினியைப் பற்றி நிறையவே எழுதினார். ஆனால் அவர் காவி கட்டிக் காவிரிக் கரையில் உட்கார்ந்து, உபநிடதத்தைப் பல ஆண்டு படித்துவிட்டு எழுதியவர். கொடைக்கானலுக்குக் கீழே பெருமாள்மலையில் 1996 முதல் போதி சென்டோ என்ற தியான மையத்தை நடத்திவந்த ஆமா சாமி, இயேசு சபைப் பாதிரியார், ஜப்பானில் யமாதா கோஉனிடம் சென் பயின்று ஆசிரியரானவர். இவர்கள் யாரும் இரண்டு மதத்தை ஒரே படத்தில் அடக்க முயலவில்லை. இரண்டிலும் தனித்தனியாகப் பாடுபட்டார்கள்.

தொழிற்பேட்டைக்குத் திரும்பலாம். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, வாரம் ஒரு ஷிப்ட் மாறி, தூக்கம் கெட்டுப்போனவருக்குக் கண்ணை மூடி உட்காரும் இருபது நிமிடம் பெரிய காரியம். கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி இதைப் புரிந்துகொண்டவர். மூலாதாரத்திலிருந்து படிப்படியாக ஏறும் பழைய முறையை விட்டுவிட்டு, தீட்சை கொடுத்து நேரே ஆக்கினையில் தொடங்கி வைத்தார். ஏறிய சூட்டை இறக்கச் சாந்தி தவம் வைத்தார். மரபுக்காரர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் அவர் குடும்பஸ்தனுக்கும் கூலிக்காரனுக்கும் ஏற்றபடி எளிமையாக்கினார், எளிமையாக்கியதை எளிய முறை என்றே பெயரிட்டுச் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரை மதிக்கலாம்.

உடலில் எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஹெர்பர்ட் பென்சனின் ஹார்வர்டு குழு மூன்று திபெத்தியத் துறவிகளின் உள்வெப்ப யோகத்தை அளந்து 1982இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. விரல்களின் வெப்பம் 8.3 டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்திருந்தது. பல ஆண்டுப் பயிற்சி இரத்த ஓட்டத்தை மாற்றும் என்பதற்கு அது சான்று. தொப்புளில் அறுபத்து நான்கு இதழ்த் தாமரை இருப்பதற்கு அல்ல; அதைக் கத்தியால் அறுத்தும் காண முடியாது என்பது பழைய யோகிகளுக்கே தெரியும். இரும்பு உருக்கும் ஆலையின் தூசி நுரையீரலில் படிந்தவருக்கு ‘அநாகதம் அடைபட்டிருக்கிறது’ என்று சொல்லிப் பணம் வாங்குவதை மட்டும் எந்த மரபின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. மந்திரத்தாலும் தாயத்தாலும் குறிப்பிட்ட நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம்.

ஆகவே தியானம் கற்கப் போகிறவர்களுக்குச் சொல்லிவைக்க விரும்புவது இதுதான். தயங்காமல் போங்கள். போனதும் சொல்லித் தருபவரிடம் கேளுங்கள்: இது எந்த மரபு, எந்த நூல், உங்களுக்கு யார் சொல்லித் தந்தார், மொத்தம் எவ்வளவு கட்டணம்? ‘எல்லா மதமும் இதைத்தான் சொல்கிறது’ என்று பதில் வந்தால் அவர் ஒரு மதத்தையும் படிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அன்றே எழுந்து வந்துவிடுங்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு அடைத்தால், முதலில் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போங்கள். அதற்காக உங்கள் சம்பளத்தில் மாதம் 0.75 சதவீதம் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.